சிரட்டைக் கரி மணம்

2025ஆம் ஆண்டு, ஜூலை மாதம் பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை மாட்டுங்காவில் ‘புஷ்பகிரி’ என்னும் ஐந்து மாடிக் கட்டடத்தில் வாழும் படித்த மக்கள், அன்று காலை ஓர் உணவைச் சுவைத்தார்கள், அதன் புகை மணத்தை மெச்சினார்கள், விரலையும் நக்கினார்கள். அரைமணி நேரம் கழிவதற்குள், அதே புகையைக் குற்றமாக்கி, ஒரு மனிதரைத் தங்கள் மாடிப்படிக்கடியிலிருந்து வெளியேற்றினார்கள். மெச்சியவர்களேதாம் வெளியேற்றினார்கள். இரண்டு புகையும் ஒரே கரியில் பிறந்தவை.

அந்த மனிதர் நெல்லையப்பன். முப்பத்தோராண்டுகளாகப் புஷ்பகிரியின் மாடிப்படிக்கடியில் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர், குடியிருப்பது தாராவியில். கரிப்புகை உடல்நலத்துக்குக் கேடு என்றும், இஸ்திரி மேசையை அகற்றுவதா வேண்டாவா என்பது பதின்மூன்றாம் தேதிக் கூட்டத்தில் முடிவாகும் என்றும் கட்டடச் சங்கத்தார் அறிவிப்பு ஒட்டியதைச் சென்ற வாரம் கண்டோம்.

அவருடைய மகள் கோகிலவாணி செம்பூரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பணிபுரிகிறாள். வெண்ணெய்ப்பழத்தை மசித்து எலுமிச்சை பிழிந்து செய்யும் குவாக்கமோலே என்னும் மெக்சிகோ நாட்டுத் துவையலில் அவள் கை தேர்ந்தவள். அதை அங்கே ஒருநாள் உண்ட புஷ்பகிரியின் மூன்றாம் மாடிப் பர்வதம் மாமி, கூட்டத்துக்கு முன் வைக்கும் சிற்றுண்டிக்கு அதையே செய்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டதையும் கண்டோம்.

தன் கைச்சமையலை உண்டவர்கள் தன் தந்தைக்கு எதிராகக் கை தூக்கமாட்டார்கள் என்று கோகிலவாணி நம்பினாள். அந்த நம்பிக்கையுடன்தான் அவளுக்கு அன்று பொழுது விடிந்தது.

*

தாராவி வீட்டில் தாய் முருகம்மாள், மகளின் கூடையிலிருந்த ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“என்னட்டி இது, பாவக்காயும் முட்டையும் கூடிப் பெத்த புள்ள மாரி இருக்கு?”

“பட்டர் ஃப்ரூட்டும்மா.”

“பழம்னா இனிக்கணும்லா. இது இனிக்கவும் செய்யாது, புளிக்கவும் செய்யாது. இதுல தொவையலா?”

“அவுக கேட்டாவ, செய்யுதேன்.”

“செய்யி, செய்யி. நம்ம பருப்புத் தொவையலக் குடுத்தா அவுகளுக்கு எறங்காது. பேரு வாயில நுழையாததா இருந்தாத்தான் தொண்டைக்குள்ள எறங்கும்.”

கோகிலவாணி சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பழத்தின் காம்பையும் நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் பச்சையாக இருந்தால் கூடைக்கு. பழுப்பாக இருந்தால் ஒதுக்கத்துக்கு. பழுப்பு என்றால் உள்ளே கறுத்துவிட்டது என்று பொருள்.

அப்போது அவளுடைய அண்ணன் மாரிசெல்வம், ஒரு சாக்குப் பையை அவள் காலடியில் வைத்தான். காட்கோபரில் வீடு வாங்கி விற்கும் தரகு அலுவலகம் ஒன்றில் அவனுக்கு வேலை; மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள்மேல் அந்த அலுவலகத்துக்கு ஒரு கண். தங்கையிடம் கேலியின்றிப் பேசும் வழக்கமே அவனுக்கு இல்லை.

“இந்தா, சிரட்டைக் கரி. சூக்கா மால், நல்லாக் காஞ்சது. உல்லாஸ்நகர்லேந்து ஒருத்தன்கிட்ட சொல்லி வரவழைச்சேன்.”

“எண்ணே, நீயா வாங்கியாந்த?”

“பின்ன? தங்கச்சி ஃபாரின் சட்னி பண்ணுதா, அண்ணங்காரன் சும்மா இருப்பானா?”

பையைத் திறந்தாள். தேங்காய்ச் சிரட்டையின் வளைவு மாறாமல், ஈரப்பதம் துளியும் இல்லாமல், கரி கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. அவள் நெஞ்சு நெகிழ்ந்தது. கடந்த மூன்று வாரங்களாக நெல்லையப்பன், துணிமூட்டைகளைத் தாராவிக்கே தூக்கி வந்து, கரீம் பாட்சாவின் தோல்பட்டறையில் இரவல் வாங்கிய மின்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், “மழையில கரி நமத்துப் போச்சு” என்பார். இதோ, நமக்காத கரி. உணவுக்குப் போக மீதி அப்பாவுக்கு ஆகும்.

“இங்க வச்சுப் பத்த வச்சுராத. ரூம் பூராம் புகை ஆயிரும்,” என்றான் மாரிசெல்வம். “அங்க போயி அப்பா பெட்டியிலயே பத்த வையி. சுடச்சுடக் குடுத்தாத்தான் மஜா.”

“நீயும் வாயேண்ணே.”

“சண்டே சைட் விசிட் இருக்கு. பார்ட்டி காத்துக்கிட்டு இருப்பான்.”

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவன் படியிறங்கினான். இந்தக் காலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

*

புஷ்பகிரியின் மாடிப்படிக்கடியில் நெல்லையப்பனின் இஸ்திரி மேசை, நான்கடிக்கு இரண்டரையடி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். முப்பத்தோராண்டுகளாக இடித்துக்கொள்ளாமல் நிற்பதற்கு அவர் முதுகு பழகியிருந்தது. தேய்த்த துணிகளைக் கொடுப்பதற்காக அவர் மேல்மாடிக்குப் போயிருந்த வேளையில், மகள் வந்து சேர்ந்தாள்.

மூடியில் சேவல்தலைக் கொக்கி வைத்த கனத்த இரும்புப் பெட்டி அது. கொக்கியை நீக்கி, சிரட்டைக் கரியை அடுக்கி, பற்றவைத்து விசிறினாள். கரி முதலில் சிவந்து, பிறகு மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது. திறந்த பெட்டியின்மேல் கம்பிவலையை வைத்து, அதில் தக்காளியையும் பச்சைமிளகாயையும் தோலுரிக்காத வெங்காயத்தையும் பூண்டையும் பரப்பினாள். தோல் கருகி வெடித்தது. விரல் சுடச்சுடத் தோலை உரித்து, தக்காளியின் விதையை நீக்கி, எல்லாவற்றையும் கல்லுப்புடன் இடிகல்லில் நசுக்கினாள். அதன்பின் வெண்ணெய்ப்பழத்தைப் பிளந்து, சதையை வழித்து, முள்கரண்டியால் மசித்தாள். கட்டிகள் ஆங்காங்கே இருக்கவேண்டும். குழைத்துவிட்டால் அது கூழ். எலுமிச்சை பிழிந்தாள். கொத்தமல்லி தூவினாள்.

கடைசியில்தான் அவளுடைய கைவேலை. பாத்திரத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதில் ஒரே ஒரு கனலை இட்டு, அரைக் கரண்டி நெய்யை அதன்மேல் விட்டாள். புகை குபுக்கென்று எழுந்தது. உடனே தட்டால் மூடினாள். அவள் வேலைபார்க்கும் உணவகத்தில் புகைமணத்தைப் புட்டியில் வாங்கிச் சொட்டுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. நான்கு நிமிடம் மூடியிருக்கவேண்டும், ஐந்தானால் கசக்கும்.

மூன்றாம் நிமிடத்தில் நெல்லையப்பன் இறங்கி வந்தார்.

“ஏட்டி, பெட்டிய யாரு பத்த வச்சா?”

“நாந்தாம்ப்பா. கரியப் பாருங்க, நமக்காத கரி. ஒங்களுக்கும் ஒரு வாரத்துக்கு ஆவும்.”

அவர் கரியைப் பார்க்கவில்லை. மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் செம்பை எடுத்து, கனன்றுகொண்டிருந்த பெட்டிக்குள் அப்படியே கவிழ்த்தார். பெட்டி சீறியது. காய்ந்த பெட்டியில் தண்ணீர் பட்டால் அடித்தகடு விரியும் என்று, எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவர் அவர்.

“எப்பா, அடி விரிஞ்சிரும்.”

“விரியட்டும். அந்தச் சட்டியத் தூரப் போட்டுரு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேக்காத.”

“மாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பதினஞ்சு பேரு வந்து உக்காந்தாச்சு. தூரப் போட்டுட்டு என்னத்தச் சொல்ல?”

நெல்லையப்பன் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார்.

“சரி, கொண்டு போ. கரி ஏதுன்னு யாராவது கேட்டா, வீட்லயே செஞ்சேன்னு சொல்லிரு. பெட்டியில பத்த வச்சேன்னு மட்டும் சொல்லிராத.”

“நம்ம பெட்டிக்கு என்னப்பா கொறச்சல்?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தாம் பட்ட துன்பத்தையெல்லாம் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்லும் தந்தையர், தாம் ஏமாந்ததை மட்டும் சொல்லுவதில்லை. வெட்கம் பிடரியைப் பிடித்துக்கொள்கிறது. தட்டைத் திறப்பதற்கு ஐந்தாம் நிமிடம் ஆகிவிட்டது.

*

தரைத்தளத்தில் வண்டிகள் நிற்கும் கூடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வெளியே மழை. குவாக்கமோலேயுடன் தொட்டுத் தின்ன நேந்திரங்காய் வறுவல் வைத்திருந்தார்கள்.

“கோகிலா, இதுல என்னடி பண்ணினே?” என்றார் பர்வதம் மாமி. “அன்னிக்கு ஹோட்டல்ல சாப்ட்டதைவிட இது ரொம்ப நன்னா இருக்கே.”

“இந்த ஸ்மோக்கி ஃப்ளேவர் இருக்கே, அதான் ஃபர்ஸ்ட் க்ளாஸ்,” என்றார் இரண்டாம் மாடிப் பஞ்சு மாமா. “மோருஞ்சாதத்துக்குக்கூடத் தொட்டுக்கலாம் போல இருக்கு.”

“உங்களுக்கு எதைக் குடுத்தாலும் மோருஞ்சாதத்துலதான் வந்து நிப்பேள்,” என்றார் மாமி.

சங்கத்தின் செயலாளர் ராமசேஷன் மூன்று முறை போட்டுக்கொண்டார். மூன்றாம் முறை வறுவல் தீர்ந்துவிட்டது, விரலால் வழித்தார். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன்.

நெல்லையப்பனுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. அவர் தூணோரமாக நின்றார். அவர் இன்னும் அந்த உணவைத் தொடவில்லை.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ராமசேஷன் கோப்பைத் திறந்தார்.

“பர்ஸனலா எனக்கு யார்மேலயும் ஒண்ணும் இல்லை. கோல் ஸ்மோக் டாக்ஸிக். என் பேரனுக்கு வீஸிங். படிக்கட்டுச் சுவரெல்லாம் கறுத்துண்டு வரது. நாம இதை டிஸைட் பண்ணியாகணும்.”

“இருந்தாலும் சேஷா, அவன் முப்பது வருஷமா இருக்கானே,” என்றார் பஞ்சு மாமா. “எலக்ட்ரிக்குக்கு மாத்திண்டா ஆச்சு. எடுத்தவுடனே போன்னா எப்படி?”

“அதானே,” என்றார் மாமி. பின்வரிசையில் மூன்று நான்கு தலைகள் அசைந்தன.

கோகிலவாணி அந்தத் தலைகளை எண்ணினாள். வாக்கெடுத்தால் ஏறக்குறைய பாதிப்பேர் நம் பக்கம். இன்னும் இருவர் இளகினால் போதும். அந்த இருவரை இளக்கும் பொருள் அவர்கள் தட்டிலேயே இருந்தது. தந்தை சொன்ன சொல் நினைவில் இருந்தும், அவள் எழுந்தாள்.

“மாமா, ஒரு நிமிஷம். இப்ப நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்கல்லா, வாசம் நல்லாருக்குன்னு சொன்னீங்கல்லா. அந்தப் புகை எங்கப்பா பெட்டிப் புகைதான். சிரட்டைக் கரி. மத்த கரி மாரி கண்ணு எரியாது. இந்தா, இந்தப் படிக்கடியிலதான் பத்த வச்சேன். உங்கள்ல யாருக்காவது மூச்சு முட்டிச்சா?”

யாருக்கும் முட்டியிருக்கவில்லை. மாமி சிரித்தார். பஞ்சு மாமா தலையை ஆட்டினார். ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், அவள் வென்றுவிட்டாள்.

ராமசேஷன் பேனாவைக் கீழே வைத்தார்.

“எப்போ பத்த வெச்சே?”

“பத்து மணிக்கு.”

“இன்னிக்கா? இங்கயா?”

“ஆமா மாமா.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. கடினமான வேலையொன்று தானாகவே முடிந்துவிட்டவரின் முகம் அது. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்.

“ஜூன் இருவத்திரண்டு. ‘மீட்டிங் முடியறவரைக்கும் சொசைட்டிக்குள்ள கரி பத்த வெக்க மாட்டேன். என் சார்பா வேற யாரும் வெக்க மாட்டா. வெச்சா, ஏழு நாளுக்குள்ள நானே காலி பண்ணிப்பேன்.’ உங்கப்பா ஸைன் பண்ணிக் குடுத்தது. இனிமே ஓட்டே வேண்டாம்.”

கோகிலவாணி தூணோரம் திரும்பினாள்.

“எப்பா?”

நெல்லையப்பன் செயலாளரைப் பார்த்துப் பேசினார். “மீட்டிங்குக்கு வரச் சொல்லுத காயிதம்னு நீங்கதான சொன்னிய, ஐயா. அப்பம் நீங்களும் நானுந்தான் இருந்தோம். போட்டுட்டேன். பொறவு வாட்ச்மேன் பூலோகம் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுகிட்டக் கேட்டுச் சொன்னான். அன்னைலேந்து தீப்பெட்டியத் தொடல. மூணு வாரமா மூட்டையத் தலையிலதான் சொமக்கேன்.”

கரி நமத்துப் போகவில்லை. அப்பா பற்றவைக்கவே இல்லை. அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

“நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகமில்லை,” என்றார் ராமசேஷன். “எடுத்துச் சொல்லித்தான் ஸைன் வாங்கினதுன்னு விட்னஸ்கூட இருக்கே.”

“சேஷா, கொழந்தை தெரியாமப் பண்ணிட்டா,” என்றார் மாமி.

“தெரியாமப் பண்ணினாலும் பண்ணினது பண்ணினதுதானே, மாமி.”

மாமி பஞ்சு மாமாவைப் பார்த்தார். பஞ்சு மாமா காகிதக் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் எந்தத் தலையும் அசையவில்லை.

ராமசேஷன் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். பாதி வரியில் பேனா நின்றது.

“இந்த ஸைன் தமிழ்ல இருக்கு. எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உன் பேர் என்னப்பா?”

ராமசேஷன் மற்றவர்களைப் பார்த்தார். இஸ்திரி அண்ணா, பிரெஸ்வாலா, கீழ்வீட்டு ஆள்: அவர்கள் அறிந்த பெயர்கள் இவை. அவர்கள் மணக்கோலச் சட்டையையும், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் வேட்டியையும், பிணத்துக்குப் போர்த்தும் பட்டையும் அந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர்கள். பர்வதம் மாமியும் தலையைக் குனிந்துகொண்டார்.

“நெல்லையப்பன்.”

“இனிஷியல்?”

“சு.”

“எஸ்னு போட்டுக்கறேன்.”

அவர் எழுதும்போது, மேசைமேல் கிடந்த தாளைக் கோகிலவாணி பார்த்தாள். தந்தையின் கையொப்பத்துக்குக் கீழே சாட்சியின் கையொப்பம், ஆங்கிலத்தில். கடைசி எழுத்தின் வால் கீழிறங்கி, திரும்பிவந்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போட்டிருந்தது. பள்ளிப் புத்தகங்களின் முதற்பக்கத்தில், மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில், தன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில், அந்த வாலை அவள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள்.

மாரிசெல்வம்.

அவள் மீந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தந்தையின் பின்னே நடந்தாள்.

*

மாடிப்படிக்கடியில் நெல்லையப்பன் ஈரக்கரியை வழித்தெறிந்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். அடித்தகட்டின் குறுக்கே மயிரிழை அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினார்.

“என்னால தானப்பா.”

“ஒன்னாலயா? தண்ணிய ஊத்துனது யாரு? நாந்தான.”

“பெட்டியச் சொல்லலப்பா.”

“நானும் பெட்டியச் சொல்லல. அன்னைக்கே ஒங்கிட்டச் சொல்லிருக்கணும். பிள்ளைக முன்ன மானம் போவுதுன்னு பாத்தேன். இப்பம் ஊரு முன்ன போச்சு.”

பாத்திரத்தில் மீந்திருந்த குவாக்கமோலே, காற்றுப் பட்டு மேலே கறுக்கத் தொடங்கியிருந்தது. அவர் கறுத்ததை விரலால் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த பச்சையை எடுத்து வாயிலிட்டார். மெல்ல மென்றார்.

“லேசாக் கசக்கு.”

“அஞ்சு நிமிஷம் ஆயிட்டு. நேரத்துக்குத் தொறக்கல.”

“இருந்தாலும் நல்லாருக்குட்டி. நம்ம பெட்டி வாசம் அடிக்கு.”

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. மாரிசெல்வத்தின் செய்தி. இந்தியில் இரண்டே சொற்கள்: ‘ஹோ கயா?’ முடிந்துவிட்டதா என்று கேட்கிறான். எது முடிந்ததா என்று அவன் எழுதவில்லை. அவள் திரையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நெல்லையப்பன் சாக்குப் பையிலிருந்து எரியாத கரித்துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றோடொன்று தட்டினார். வெண்கலம்போல் ஓசை எழுந்தது. கட்டடத்துக்குள் வந்ததுமுதல் அன்று அவர் முகம் சற்றே தெளிந்தது அப்போதுதான்.

“கணீர்னு இருக்கு. ஆடி பொறக்கப்போற மழையில இப்பேர்ப்பட்ட கரி கெடைக்காதே. நான் தேடாத எடமில்ல.” துண்டுகளைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். “யாருட்டி வாங்கித் தந்தா?”

அவள் கையில் கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. தந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது இருக்கட்டும். வாசகரே, உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, இன்றே உங்கள் மாடிப்படியில் இறங்குங்கள். உங்கள் துணியைத் தேய்ப்பவர் முன் நின்று, அவர் பெயரைக் கேளுங்கள். அவரிடம் நீங்களோ உங்கள் சங்கமோ கையொப்பம் வாங்கிய தாள் ஏதேனும் இருந்தால், அதை அவர் மொழியில், ஒரு சொல் விடாமல், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதைச் செய்யும்வரை அவர் தேய்த்த சட்டையை அணியாதீர்கள்.